வான்கோமைசின் படிகம்: வாசகர் கேள்விகள்

பாக்டீரியாவைக் கொல்லும் வான்கோமைசின் 1958-லேயே மருந்தாக வந்துவிட்டது. அதன் படிக அமைப்பு (படிகத்தில் எக்ஸ்ரே பாய்ச்சிக் காணும் அணுக்களின் அடுக்கு) மட்டும் 1996 வரை ஏன் இழுத்தது? (மாணவி, கும்பகோணம்)

அதன் ரெண்டுங்கெட்டான் அளவுதான் காரணம். ஹைட்ரஜனை விட்டுவிட்டு எண்ணினாலே ஒரு மூலக்கூறில் 101 அணுக்கள். சின்ன மூலக்கூறுகளுக்கான கணக்குக்கு அது அதிகம், புரதங்களுக்கான முறைகளுக்கோ குறைவு.

1978-லேயே ஒரு படிக அமைப்பு வந்ததே என்பீர்கள். வந்தது, ஆனால் அது வான்கோமைசின் சிதைந்து உண்டான பொருளின் படிகம். அதில் ஆஸ்பரஜின் என்ற அமினோ அமிலம் வேறொன்றாக மாறி, குளோரின் தாங்கிய ஒரு வளையமும் புரண்டிருந்தது. எக்ஸ்ரேயைக் குறை சொல்லக் கூடாது, முன்னால் வைத்ததைத்தானே அது காட்டும்! மருந்தில் இருப்பது ஆஸ்பரஜின் என்பது 1982-ல்தான் தெரிந்தது.

அந்த ஆஸ்பரஜினிடம் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. 1996 படிகத்தில் மூலக்கூறுகள் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்திருக்கின்றன. ஒன்றின் பள்ளத்தில், அதாவது கிருமியின் செல்சுவர் நுனியைப் பிடிக்கும் இடத்தில், அசிடேட் என்ற சிறு அயனி உட்கார்ந்திருக்கிறது. மற்றதன் பள்ளம் காலி. அங்கே ஆஸ்பரஜினின் பக்கக் கிளை மடங்கி வந்து கதவுபோல அடைத்துக்கொள்கிறது. 1978-ல் தவறவிட்டது இந்தக் கதவைத்தான். இரண்டு ஆய்விலும் படிகவியலாளர் ஜார்ஜ் ஷெல்ட்ரிக்கின் பெயர் இருக்கிறது.

உப்பளத்தில் உப்பு விளைவது போலத்தானா இதுவும்? (வேதாரண்யம் வாசகர்)

நீர் குறைய வேண்டும், அது மட்டும் பொது. அளத்தில் வெயில் அந்த வேலையைச் செய்கிறது. இங்கே கண்ணாடி வில்லையில் ஒரு சொட்டைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, கீழே அடர்த்தியான கரைசல் வைத்து, விளிம்பை கிரீஸ் தடவி அடைப்போம். சொட்டிலுள்ள நீர் மெல்ல ஆவியாகிக் கீழே போகும். அவசரப்பட்டால் பொடிதான் மிஞ்சும். அப்புறம், மருந்துக் குப்பி வாங்கி வீட்டில் முயல வேண்டாம்.

இந்த மருந்துக்கு அடங்காத கிருமி என்ன செய்கிறது? (செவிலியர், திருவாரூர்)

கிருமியின் செல்சுவர் இழையின் நுனியில் டி-அலனின் என்ற அமினோ அமிலம் இரண்டு இருக்கும். வான்கோமைசின் அதை ஐந்து ஹைட்ரஜன் பிணைப்புகளால் பிடிக்கிறது. கிருமி கடைசி அலனினை லாக்டேட்டாக மாற்றிவிடும். என்எச் (நைட்ரஜனும் ஹைட்ரஜனும்) இருந்த இடத்துக்கு ஆக்சிஜன் வருவதால் ஒரு பிடி போகிறது, எதிரில் இருக்கும் வான்கோமைசினின் ஆக்சிஜனோடு முட்டலும் சேர்கிறது. பிடிமானம் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும்.

நம் வயல் மண்ணில் இப்படி ஏதாவது கிடைக்குமா? (மன்னார்குடி வாசகர்)

தேடலாம், தப்பில்லை. வான்கோமைசினே போர்னியோ மண்ணிலிருந்த ஆக்டினோமைசீட் என்ற வகை பாக்டீரியா தந்ததுதான். முதல் மழையில் எழும் மண்வாசனையும் அந்தக் கூட்டத்தின் வேலைதான்.