துக்கம் கொண்டாடுதல்

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்தோத்திரம். நீங்கள் எழுதுவதை இரண்டு வருடமாகப் படித்து வருகிறேன். எழுதிப் போடுவது இதுதான் முதல் தடவை. எனக்கு 61 வயது. ரங்கூனில் டவுனுக்குள்ளேயே நான்காம் மாடியில் குடியிருக்கிறேன். வீட்டுக்காரர் தவறி இரண்டரை வருடம் ஆகிறது. பிள்ளை என்று ஒரே பையன். 2024இல் கட்டாய ராணுவச் சேவை என்று அறிவித்தார்களே, அந்தப் பயத்தில் அவனை மலேசியாவுக்கு அனுப்பிவிட்டேன். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. எப்போது திரும்புவான் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மற்ற மாதங்கள் எப்படியோ ஓடிவிடுகின்றன. டிசம்பர் பிறந்தால் முடியவில்லை. எங்கே திரும்பினாலும் ஸ்வீட் டிசம்பர், ஸ்வீட் டிசம்பர் என்கிறார்கள். எதிர்வீட்டு வராந்தாவில் நட்சத்திரம் கட்டினாலே எனக்கு நெஞ்சை அடைக்கிறது. வீட்டுக்காரர் இருந்தவரை 24ஆம் தேதி சாயங்காலம் அவர் கையால்தான் சனுவின்மக்கின் செய்வார். ரவையைத் தேங்காய்ப்பாலில் கிண்டி, மேலே கசகசா தூவி, மூடிமேல் கரி நெருப்பை அள்ளிப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். யாரையும் கிட்டே விடமாட்டார். இப்போது அந்த வாசனை எங்கிருந்தாவது வந்தால் ஜன்னலைச் சாத்திவிடுகிறேன்.

போன கிறிஸ்துமஸுக்குச் சபையார் கேரல் பாட வந்தார்கள். நான் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தேன். ஆள் இல்லை என்று நினைத்துப் போய்விட்டார்கள். சபையில் ஒரு அம்மாவிடம் இதைச் சொன்னபோது, ‘எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்னு வேதம் சொல்லுதே, நீங்க இப்படி இருக்கலாமா’ என்றார். அதிலிருந்து குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொண்டது. ராத்திரி தூக்கம் இல்லை. சில நாள், காலையில் கண் விழிக்காமலே போனால் நன்றாக இருக்குமே என்று தோன்றுகிறது. இது பாவமா தம்பி? நான் என்ன செய்யட்டும்?

பெயர் போட வேண்டாம்.
ஓர் அக்கா, ரங்கூன்

*

அன்புள்ள அக்கா,

ஸ்தோத்திரம். கடிதத்தின் கடைசியில், போகிறபோக்கில் எழுதியது மாதிரி ஒரு வரி இருக்கிறது. கண் விழிக்காமலே போனால் நன்றாக இருக்கும் என்ற வரி. மற்றதெல்லாம் அப்புறம், முதலில் அதைப் பேசிவிடுவோம்.

படித்த அன்று இரவே உங்களுக்குத் தனியாக எழுதினேன். தங்கை மகள் வந்து கூடப் படுத்துக்கொள்கிறாள் என்று உங்கள் பதில் வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அவளிடமும் அந்த வரியைச் சொல்லிவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். அதைவிடப் பெரிய காரியம் நீங்கள் செய்வதற்கு இல்லை. இப்படித் தோன்றுவதை வாய்விட்டு ஒருவரிடம் சொல்லிவிட்டால் அதன் பிடி தளர்கிறது. இதைப் படிக்கிற வேறு யாருக்காவது அப்படித் தோன்றினால் இன்றைக்கே பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் சொல்லுங்கள். தனியாக இருக்காதீர்கள். வீட்டில் உள்ள மாத்திரைகளை அவரிடம் கொடுத்து வையுங்கள்.

அடுத்து, டாக்டரைப் பாருங்கள். தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், பிடித்த வேலையிலும் மனம் ஒட்டாமல், எல்லாம் என் தப்பு என்று தோன்றி, இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக நாள் முழுக்க நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். வெறும் கவலை என்று தள்ளிவிடக் கூடாது. தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் ஆள் இப்படித்தான் சோர்ந்துபோவார், அது ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இந்த ஊரில் மனசுக்கு வைத்தியம் என்றாலே யுவாதாஜி ஆஸ்பத்திரிதான் எல்லார் ஞாபகத்துக்கும் வருகிறது, அந்தப் பயத்திலேயே போகாமல் இருக்கிறார்கள். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, வழக்கமாகக் காய்ச்சலுக்குப் போகிற டாக்டரிடம் இதைச் சொன்னாலே ஆரம்பம் ஆகிவிடும். மாத்திரை கொடுத்தால் அது வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும். நாலு நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். நன்றாக ஆன பிறகும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

சரி, இப்போது டிசம்பருக்கு வருவோம்.

இணையத்தில் தேடினால் குளிர்காலச் சோர்வு பற்றி நிறையக் கிடைக்கும். அமெரிக்காவில் நார்மன் ரோசந்தால் என்ற மனநல மருத்துவரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1984இல் அதற்குப் பெயர் வைத்து விவரித்தார்கள். பகல் குறுகிப் போகும் நாடுகளில் வெளிச்சம் போதாமல் வருவது அது. பிரகாசமான விளக்கின் முன்னால் காலையில் உட்காரச் சொல்வார்கள். நமக்கு டிசம்பரிலும் பதினோரு மணி நேரம் பகல், வருடத்திலேயே இதமான வெயில். அதனால் அந்த விளக்கைத் தேடி அலையாதீர்கள். ஆனால் நீங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருக்கிறீர்கள், கரண்டும் பாதி நேரம் இல்லை. காலையில் அரை மணி நேரம் வராந்தாவில் வெயில் படும் இடத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். ராத்திரித் தூக்கத்துக்கும் அது நல்லது.

உங்களுக்கு வந்திருப்பது வெளிச்சக் குறைவால் வந்தது இல்லை, ஆள் குறைவால் வந்தது. வாசனை என்பது மூளையில் நினைவும் உணர்ச்சியும் இருக்கிற இடத்துக்கு மற்றப் புலன்களைவிடக் குறுக்கு வழியில் போய்ச் சேர்கிறது. அதனால்தான் கசகசா வறுபடும் வாசனைக்கு முன்னால் நீங்கள் நிற்க முடியாமல் போகிறீர்கள். அதில் பலவீனம் ஒன்றும் இல்லை.

நம்மிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வருடம் அந்த வீட்டில் பண்டிகை கிடையாது. பலகாரத்துக்குச் சட்டி வைக்க மாட்டார்கள். கோயிலுக்குப் போகிறவர்களும் சரி, சபைக்குப் போகிறவர்களும் சரி, பெரும்பாலும் இப்படித்தான். அந்த வழக்கத்துக்கு மறுபாதி ஒன்று இருக்கிறது: அக்கம்பக்கத்தார் தங்கள் வீட்டில் செய்ததைத் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு வந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்கள். நாம் லிஃப்ட் இல்லாத நாலு மாடிக்கு வந்தபோது முதல் பாதியை மட்டும் கொண்டுவந்துவிட்டோம், இரண்டாம் பாதியைத் தெருவிலேயே விட்டுவிட்டோம். அக்கா, நீங்கள் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தது பாவம் இல்லை. துக்க வீட்டில் அப்படித்தான் இருப்பார்கள். ஆள் இல்லை என்று நினைத்து யாரும் மேலே ஏறி வராததுதான் குறை.

வீட்டுக்காரருக்காவது வருட நினைவு, கல்லறைத் திருநாள் என்று அழுவதற்கு ஒரு தேதி இருக்கிறது. மகனுக்கு என்ன இருக்கிறது? உயிரோடு, நல்லபடியாக இருக்கும் பிள்ளைக்காக அழக் கூடாது, அபசகுனம் என்பார்கள். பாலின் பாஸ் என்ற அமெரிக்க அறிஞர், போர்முனையில் காணாமல் போனவர்களின் குடும்பங்களோடு பேசி, முடிவு தெரியாத இழப்புதான் ஆறுவதற்கு ரொம்பக் கடினம் என்று 1970களிலேயே எழுதினார். அவரைப் படித்தபோது எனக்கு நம் ஆட்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். ரங்கூன் போன புருஷனின் கடிதத்துக்காக ராமநாதபுரத்துப் பெண்கள் வருடக்கணக்கில் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். 1964இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு நம் ஆட்கள் கப்பல் கப்பலாக இந்தியாவுக்குப் போனபோது, பாதிக் குடும்பம் இங்கே பாதி அங்கே என்று ஆனது. இப்போது நீங்கள். தலைமுறை தலைமுறையாக நமக்கு நடக்கிறது, ஆனாலும் இந்த அழுகைக்கு நாம் ஒரு சடங்கு உண்டாக்கி வைக்கவில்லை.

எங்கள் அப்பத்தா தனக்கென்று ஒன்று வைத்திருந்தார். 1941 டிசம்பர் 23, செவ்வாய்க்கிழமை. ஜப்பான்காரன் ரங்கூன்மேல் முதல் முதலாகக் குண்டு போட்ட நாள். குண்டு என்றால் என்னவென்று தெரியாமல் விமானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு தெருவில் நின்றவர்களில் எத்தனையோ பேர் செத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாவு. அப்பத்தாவின் அண்ணனுக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. காலையில் போனவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. 25ஆம் தேதி கிறிஸ்துமஸ் அன்றைக்கும் குண்டு விழுந்தது. அப்போது அப்பத்தாவுக்கு வயது 19.

நான் சின்னப் பையனாக இருந்தபோது வருடா வருடம் 23ஆம் தேதி அப்பத்தா என்னைக் கூட்டிக்கொண்டு பன்சொடான் படகுத்துறைக்குப் போவார். காலையில் குளித்துவிட்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்புவார். டிசம்பரில் ஆற்றுமேல் கடல்புறாக்கள் வந்திருக்கும். நான் பொரியை வீசிக்கொண்டு இருப்பேன். அவர் தண்ணீரைப் பார்த்து நின்று நன்றாக அழுவார். ஓசையில்லாத அழுகை கிடையாது, அக்கரையில் இருக்கும் டாலாவுக்குப் படகு ஏறுகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அழுவார். எனக்கு வெட்கமாக இருக்கும். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ‘வாடா, பசிக்குது’ என்பார். வழியில் மொகிங்கா, அதான் மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ், வாங்கிச் சாப்பிடுவோம். இரண்டு நாள் கழித்துப் புதுச்சேலை கட்டி ஆலயத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாரையும்விட உரக்கப் பாடுவார். ஒருமுறை கேட்டேன், ‘அழுதீங்களே, அதுக்குள்ள எப்படி’ என்று. ‘23 எங்கண்ணனுக்கு, 25 ஆண்டவருக்கு’ என்றார்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதைத்தான் அக்கா. டிசம்பர் முழுக்க அழுகையை அடக்கி வைத்திருக்கிறீர்கள், அதனால் அது டிசம்பர் முழுக்கக் கசிகிறது. அதற்கென்று ஒரு நாளை, ஒரு வேளையை ஒதுக்கிக் கொடுங்கள். அவருடைய சட்டையை எடுத்து வைத்துக்கொண்டு அழுங்கள். மகனுடைய அறையில் போய் உட்கார்ந்து அழுங்கள். தங்கை மகள் பக்கத்து அறையில் இருக்கட்டும்.

தமிழில் ஒரு பிரயோகம் இருக்கிறது, துக்கம் கொண்டாடுவது. பண்டிகைக்கும் துக்கத்துக்கும் ஒரே வினை. நம் பழைய வேதாகமத்தில் இந்தச் சொல் எங்கே வருகிறது தெரியுமா? கிறிஸ்துமஸ் கதைக்குள்ளேயே வருகிறது. மத்தேயு இரண்டாம் அதிகாரத்தில் சாஸ்திரிகள் பொன்னும் தூபவர்க்கமும் வைத்துவிட்டுப் போன பிறகு, ஏரோது குழந்தைகளைக் கொன்ற இடத்தில், ‘துக்கங்கொண்டாடல்’ என்று இருக்கிறது. ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள், ஆறுதலடையாமல் இருக்கிறாள். நட்சத்திரமும் மேய்ப்பர்களும் வரும் நாடகத்தில் இந்தக் காட்சியை நாம் போடுவதில்லை. ஆனால் எழுதினவர் அதை விடவில்லை.

உங்களிடம் அப்படிச் சொன்ன அம்மாமேல் எனக்குக் கோபம் இல்லை. அழுகிறவர் முன்னால் என்ன பேசுவதென்று தெரியாமல் வசனத்தை எடுத்து நீட்டுகிறோம், நானும் நீட்டியிருக்கிறேன். ‘எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்’ என்று எழுதிய அதே பவுல்தான் ரோமருக்கு எழுதும்போது ‘அழுகிறவர்களுடனே அழுங்கள்’ என்றார். இதைப் படிக்கும் சபையார் யாராவது இருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள்: கேரலுக்குப் போகும்போது விளக்கு எரியாத வீட்டைத் தாண்டிப் போகாதீர்கள். ஒருவராவது மாடி ஏறிப் பாருங்கள். ஆண்கள் தனியாக இருக்கும் வீடு என்றால் கட்டாயம் ஏறுங்கள். அவர்கள் இப்படிக் கடிதம் எழுத மாட்டார்கள், குடிப்பார்கள். குடித்த இரண்டு மணி நேரம் லேசாக இருக்கும், தூக்கம் பாதியில் கெடும், மறுநாள் இன்னும் கீழே இழுக்கும்.

24ஆம் தேதி நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம் அக்கா. மரமும் வேண்டாம், முழு ஆராதனைக்கும் உட்கார வேண்டும் என்றும் இல்லை. வாசல் பக்கமாக உட்கார்ந்து, முடியாவிட்டால் எழுந்து வந்துவிடலாம். கேரல் வந்தால் கீழே இறங்கவும் வேண்டாம். வராந்தாவில் செய்தித்தாள் வாங்கத் தொங்கவிட்டிருப்பீர்களே, மணியும் நுனியில் கவ்வியும் கட்டின கயிறு, அதை இறக்கி வைத்துவிடுங்கள். பாடிவிட்டு அவர்கள் ஏதாவது பொட்டலத்தைக் கவ்வியில் மாட்டி மணியை ஆட்டட்டும், நீங்கள் மேலே இழுத்துக்கொள்ளுங்கள். ஆள் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்தால் போதும்.

மகனிடம் பேசும்போது ‘நல்லா இருக்கேன்’ என்று நீங்களும் அவனும் மாறி மாறிச் சொல்லிக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன், எல்லா வீட்டிலும் அதுதான் நடக்கிறது. இந்தத் தடவை ஒரே ஒரு உண்மையைச் சொல்லுங்கள், தூக்கம் வரவில்லை என்றாவது. அவனும் ஒன்று சொல்வான். மலேசியா நமக்கு ஒன்றரை மணி நேரம் முந்தி. கடை மூடி அவன் அறைக்கு வர இரவு பதினொன்று ஆனால் இங்கே ஒன்பதரைதான். கரண்ட் இருக்கும்போதே போனைச் சார்ஜ் போட்டு வையுங்கள். அப்பா மூடிமேல் எவ்வளவு கரி போடுவார் என்று அவனிடம் கேட்டுப் பாருங்கள். யாரையும் கிட்டே விடமாட்டார் என்று எழுதியிருந்தீர்கள். பையனை விட்டிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.