மரச்செக்குத் தொழிலில் இறங்கும் முன்: கேள்வி பதில்

பதினாறு வருடமாக மரச்செக்கு ஓட்டுகிறேன். சொந்தமாகத் தொழில் தொடங்க என்ன கற்க வேண்டும் என்று கேட்டவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: கையில் எட்டு லட்சம் இருக்கிறது. எந்த மெஷின் வாங்கலாம்?

இப்போது எதையும் வாங்காதீர்கள். மூன்று மாதம் ஒரு செக்கில் வேலைக்குப் போங்கள். நிலக்கடலைப் பருப்பை அள்ளும்போதே அது காய்ந்திருக்கிறதா என்று கைக்குத் தெரிய வேண்டும். நன்றாகக் காய்ந்தது கலகலவென்று உருளும், விரலால் அழுத்தினால் டக்கென்று பிளக்கும். ஈரப் பருப்பு சத்தமே போடாது. அது பூஞ்சை பிடிக்கும், மூட்டையோடு முதலும் போய்விடும்.

கேள்வி: லிட்டருக்கு என்ன விலை வைப்பது?

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். பருப்பு கிலோ 130 என்று வையுங்கள். 25 கிலோ 3,250 ரூபாய். அதில் சுமார் 10 லிட்டர் எண்ணெய் வரும். புண்ணாக்கு 14 கிலோவை 45 ரூபாய்க்குக் கொடுத்தால் 630 திரும்பி வரும். மீதி 2,620, அதாவது லிட்டருக்கு 262. பாட்டில், லேபிள் 15. கூலி, கரண்ட் 25. வாடகை, வட்டி 18. ஆக 320. பலரும் இங்கேயே நிறுத்தி 340க்கு விற்கிறார்கள். உங்கள் சம்பளம் எங்கே? மாதம் 300 லிட்டர் விற்று 15,000 எடுக்க வேண்டுமென்றால் லிட்டருக்கு இன்னும் 50 வேண்டும். 370க்குக் கீழே விற்றால் உங்கள் உழைப்புக்கு முழுக்கூலி கிடைக்காது.

கேள்வி: செக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. பி.எம்.இ.ஜி.பி. (சுயதொழில் தொடங்க மத்திய அரசு தரும் கடன் திட்டம்) மானியம் கிடைக்குமா?

கிடைக்காது. முதல் கடன் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்குத்தான். இன்னும் தொடங்காதவர்கள் கவனியுங்கள்: திட்டச் செலவில் மானியம் பொதுப் பிரிவுக்கு நகரத்தில் 15 சதவீதம், கிராமத்தில் 25. பெண்கள், பட்டியலினத்தவர் போன்ற பிரிவுகளுக்கு 25, 35. அந்தப் பணம் மூன்று வருடம் வங்கியில் வைப்பாகவே கிடக்கும். அதை நம்பிப் பருப்புக் கொள்முதலுக்குத் திட்டம் போடாதீர்கள்.

கேள்வி: இரும்பு ரோட்டரி செக்கா, மரச்செக்கா? எந்த மெஷின் நல்லது?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்து, கற்றுக்கொண்டு தனியாகப் போடுவது துரோகம் இல்லையா?

இதற்குள் ஐந்து பேர் இதையே எழுதிவிட்டார்கள். ஒருவர் ‘தொழில் திருட்டு’ என்றே சொல்கிறார். எனக்கு அது கொஞ்சமும் சம்மதமில்லை. நானும் இன்னொருவர் செக்கில் மூட்டை தூக்கித்தான் கற்றேன். என்னிடம் இருந்த மூன்று பேர் இன்று தனியாக ஓட்டுகிறார்கள். அதில் இருவர் சேரும் அன்றே, “அண்ணா, கத்துக்கத்தான் வர்றோம்” என்றார்கள். கொள்முதலுக்கே கூட்டிப்போய்ச் சொல்லிக் கொடுத்தேன். மூன்றாமவர் சொல்லாமல் போய், என் வாடிக்கையாளர் பட்டியலை வைத்து வீடு வீடாகப் போனார். திருட்டு என்றால் அதுதான். வேலை எவருடைய சொத்தும் இல்லை, வாடிக்கையாளர் நம்பிக்கை வேறு விஷயம். அதனால் சேரும்போதே சொல்லுங்கள், கடையை வேறு ஊரில் போடுங்கள்.

‘எந்த முதலாளி அப்படிச் சேர்த்துக்கொள்வார்?’ என்று ஒருவர். நாலு பேர் மறுப்பார்கள். ஐந்தாமவரிடம் போங்கள்.

கேள்வி: சிறுதானிய பிஸ்கட் செய்ய ஆசை.

எனக்குத் தெரியாத தொழில். தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் விசாரியுங்கள்.

கேள்வி: அண்ணா, எந்த கம்பெனி மெஷின்?

மூன்றாவது முறை. செக்கில் மூன்று மாதம் நின்றுவிட்டு வந்து கேளுங்கள், உட்கார வைத்து விளக்குகிறேன்.