எந்தச் சேனல் யார் பக்கம்? வாசகர் கேள்வி பதில்

ஒரே சம்பவம் இரண்டு சேனலில் இரண்டு கதையாக வருகிறது. எதைத்தான் நம்புவது? (வாசகி, கும்பகோணம்)

இதற்கு 2001 ஜூன் 30-ஐ விட நல்ல பாடம் நம் ஊரில் கிடையாது. மேம்பால ஊழல் வழக்கில் கருணாநிதியை அதிகாலையில் கைது செய்தார்கள். 77 வயது முன்னாள் முதல்வரைப் போலீஸ் இழுத்துக்கொண்டு போகும் காட்சியை சன் டிவி திரும்பத் திரும்பப் போட்டது, பார்த்தவர்கள் கொதித்துப்போனார்கள். அப்புறம் ஜெயா டிவியில் வேறொரு வீடியோ வந்தது. அதில் அப்போது மத்திய அமைச்சராக இருந்த முரசொலி மாறன் தரப்பு போலீஸோடு மல்லுக்கட்டுகிறது. முதல் வீடியோவை மட்டும் பார்த்தவருக்குப் போலீஸ் அராஜகம், இரண்டாவதை மட்டும் பார்த்தவருக்குப் போலீஸ் மீது தாக்குதல். சேனலின் முதலாளி யார் என்று தெரிந்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும், அது அன்றைக்கு எல்லோருக்கும் தெரியும். ஆனால் மீதிப் பாதி வேறு: கத்திரி எந்த இடத்தில் விழுந்தது? துண்டு தொடங்குவதற்கு ஒரு நிமிடம் முன்னால் என்ன நடந்தது, முடிந்த பிறகு என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாலம் கட்டியதில் முறைகேடு நடந்ததா இல்லையா என்ற அசல் கேள்வி இரண்டு வீடியோவிலும் இல்லவே இல்லை, ஊரே கைது நடந்த விதத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது.

இரண்டு சேனலையும் பாருங்கள், தப்பில்லை. ஒன்று விட்டதை இன்னொன்று காட்டும், அதற்காகத்தான். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் உண்மை வந்துவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். சில நேரம் ஒரு பக்கம் சொல்வதுதான் சரியாகவும் இருக்கும்.

பொய்யே எழுதாமல் ஒரு பேப்பர் பக்கச்சார்பாக இருக்க முடியுமா? (வாசகர், தூத்துக்குடி)

உங்கள் ஊரையே எடுத்துக்கொள்வோமே. 2018 மே 22, ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள். 'கலவரத்தில் 13 பேர் பலி', 'துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் பலி', 'போலீஸ் சுட்டதில் 13 பேர் பலி' என்று மூன்று விதமாகத் தலைப்பு வைக்கலாம். மூன்றிலும் எண்ணிக்கை ஒன்றுதான். முதல் தலைப்பைப் படிப்பவர் செத்தவர்களே கலவரம் செய்தார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார், இரண்டாவதில் துப்பாக்கி தானாக வெடித்த மாதிரி இருக்கும், மூன்றாவதில்தான் சுட்டது யார் என்று வருகிறது. தலைப்போடு நிறுத்திக்கொள்கிற ஜனம்தான் அதிகம், அது தலைப்பு வைப்பவருக்கும் நன்றாகத் தெரியும்.

செய்திக்குள் போனால் இன்னொரு வேலை இருக்கிறது. ஒரு பேனாவை எடுத்து, 'தெரிவித்தார்', 'கூறினார்' என்று வரும் இடத்திலெல்லாம் பேசுவது யார் என்று அடிக்கோடு போடுங்கள். மாவட்ட நிர்வாகம், காவல்துறை அதிகாரி, அமைச்சர் என்றே போய்க்கொண்டிருந்து, குண்டடிபட்டவர் வீட்டார் கடைசிப் பத்தியில் ஒரு வரி வந்தால், அந்தச் செய்தி எங்கே உட்கார்ந்து எழுதப்பட்டது என்று ஊகித்துவிடலாம். அன்று 'சமூக விரோதிகள் ஊடுருவிவிட்டார்கள்' என்ற பேச்சு எவ்வளவு வேகமாகப் பரவியது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். பிறகு நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் விசாரித்து, போலீஸ் சுட்டதற்கு நியாயமே இல்லை என்கிற அளவுக்கு எழுதியது. 17 போலீஸ்காரர்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்தது 2022-இல். நான்கு வருடம் கழித்து வரும் திருத்தத்துக்கு முதல் நாள் தலைப்பின் எழுத்து அளவு கிடைப்பதில்லை. அதனால் பெரிய சம்பவம் என்றால் முதல் நாளிலேயே முடிவு கட்டாதீர்கள், விசாரணை அறிக்கை வரும்போது தேடிப் பிடித்துப் படியுங்கள்.

அப்படியானால் கட்சிப் பத்திரிகை பக்கமே போகக் கூடாதா? (வாசகர், மதுரை)

தாராளமாகப் படியுங்கள். முரசொலி தி.மு.க.வினுடையது, தீக்கதிர் மார்க்சிஸ்ட் கட்சியினுடையது, ஒளிவுமறைவே கிடையாது. கட்சி என்ன நினைக்கிறது, யாரை முன்னால் கொண்டுவருகிறது என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் ஏது? எனக்குப் பயம் 'நாங்கள் நடுநிலை' என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால்தான்.

டிவி விவாதத்தில் 'அரசியல் விமர்சகர்' என்று போடுகிறார்களே, அவர்கள் எந்தக் கட்சி? (வாசகி, சேலம்)

நல்ல கேள்வி, சேனல்காரர்களே கீழே எழுதிப்போட்டால் நமக்கு இந்த வேலை மிச்சம். ஒரு வாரம் கவனித்தாலே பிடிபட்டுவிடும்: அவர் எந்தக் கட்சி மாட்டிக்கொள்ளும்போது 'இதற்கு முந்தைய ஆட்சியில்...' என்று ஆரம்பிக்கிறாரோ அதுதான். அதோடு நெறியாளர் யாரைப் பாதியில் வெட்டுகிறார், யாரை முழுசாகப் பேசவிடுகிறார் என்றும் பாருங்கள். நாலு பேரை உட்காரவைத்தால் சமநிலை ஆகிவிடாது, அதில் மூன்று பேர் ஒரே பக்கமாக இருப்பதும் உண்டு.

என் மாமனார் குடும்ப குரூப்பில் தினமும் நியூஸ் கார்டு அனுப்புகிறார். போலி என்று சொன்னால் கோபப்படுகிறார். (வாசகி, ஈரோடு)

குரூப்பில் எல்லோர் முன்னாலும் சொல்லாதீர்கள், மாமனாருக்கு மட்டுமல்ல, யாருக்குமே பிடிக்காது. கார்டில் தேதி இருக்கிறதா, அந்தச் சேனல் வழக்கமாகப் போடும் எழுத்துதானா, அவர்களுடைய சொந்தப் பக்கத்தில் அதே நாளில் அந்தக் கார்டு இருக்கிறதா என்று பாருங்கள், பாதிக்கு மேல் அங்கேயே அடிபட்டுவிடும். இல்லை என்றால், 'மாமா, இது அவங்க பக்கத்துல காணோமே, நீங்க ஒரு தடவை பாருங்களேன்' என்று தனியாக அனுப்புங்கள். அவருக்குப் பிடிக்காத கட்சியைப் பற்றிய கார்டு என்றால் கொஞ்சம் மெதுவாகத்தான் ஒப்புக்கொள்வார். உங்களுக்குப் பிடிக்காத கட்சியைப் பற்றிய கார்டையும் இதே மாதிரி சரிபார்த்துவிட்டுத்தானே அனுப்புகிறீர்கள்?