விழுங்கிய கோபம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நான்கு வருடமாகக் கீழ்முதுகு வலி. ஸ்கேனில் பெரிதாக ஒன்றுமில்லை என்கிறார்கள். வீட்டில் 'இன்னுமா வலிக்குது?' என்று கேட்டால் சிரித்துக்கொண்டே 'பரவாயில்லை' என்பேன். சாயங்காலம் ஏதோ அற்ப விஷயத்துக்கு மகளிடம் கத்திவிடுகிறேன், அன்று ராத்திரி வலி இன்னும் மோசமாகிறது. கோபத்தை அடக்குவதா, கொட்டிவிடுவதா?

ம.

அன்புள்ள ம.,

ஸ்கேனில் தெரியாததால் உங்கள் வலி பொய்யாகிவிடாது. கோபமும் நியாயமானதுதான். வலியையும் தாங்கிக்கொண்டு, வலிக்கிறது என்று நிரூபித்துக்கொண்டும் இருக்க வேண்டுமென்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

எனக்குக் கழுத்து வலி, இது ஆறாவது வருடம். அதே 'இன்னுமா?'வை ஒருவர் போனில் கேட்டார். 'இப்ப தேவலை' என்று சொல்லி வைத்துவிட்டுப் பார்த்தால் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன், வலது தோள் காதுவரை ஏறி நிற்கிறது. அன்றிரவு தலையணையில் கழுத்தைத் திருப்பவே முடியவில்லை.

நாள்பட்ட முதுகுவலிக்காரர்களைக் கோபமூட்டி, அதைக் காட்டாமல் அடக்கச் சொல்லிச் சோதித்திருக்கிறார்கள். கீழ்முதுகுத் தசைகள் இறுகின, வலியும் கூடியது. சரி, அப்போது கத்திவிடலாமா என்றால், கோபத்தைக் கொட்டும் பழக்கமுள்ளவர்களிடமும் வலி அதிகமாகவே தெரிய வந்திருக்கிறது. மகளிடம் கத்தும்போது உங்கள் கோபம் போக வேண்டிய இடத்துக்குப் போவதே இல்லையே.

2024ல் அமெரிக்காவில் நாள்பட்ட வலியுள்ள 126 முன்னாள் ராணுவத்தினரிடம் ஓர் ஆய்வு வெளிவந்தது, எல்லோரும் 60 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். அடக்கிவைத்த உணர்ச்சிகளை அடையாளம் கண்டு வாய்விட்டுச் சொல்லப் பழக்கிய சிகிச்சையில் 63 சதவீதம் பேருக்கு வலி குறைந்தபட்சம் 30 சதவீதம் குறைந்தது, எண்ணங்களை மாற்றிப் பழக்கும் வழக்கமான சிகிச்சையிலோ 17 சதவீதம் பேருக்குத்தான். எல்லா வலிக்கும் இதுவே மருந்து என்று சொல்லவில்லை, பார்த்துவரும் வைத்தியத்தை விட்டுவிடாதீர்கள்.

நான் செய்வது இதுதான். கதவைச் சாத்திக்கொண்டு, எதிரில் அந்த ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்து, அன்று விழுங்கிய வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்வேன். பெரும்பாலும் இரண்டாவது வாக்கியத்திலேயே அழுகை வந்துவிடும், கோபத்துக்கு அடியில் இருந்தது அதுதான். அப்புறம் நேரில் பார்க்கும்போது குரல் உயராமல் சொல்ல முடிகிறது: 'நீங்க அப்படிக் கேட்டா நம்பலைன்னு தோணுது, கோபம் வருது.' முதல் தடவை சொன்னபோது கை நடுங்கியது.

வீட்டில் அப்படிக் கேட்பவரிடம் இதைச் சொல்ல உங்களுக்குக் கொஞ்ச நாளாகும், ஆகட்டும். ஆனால் மகளிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், அந்தக் கத்தல் அவளுக்கானது இல்லை என்று.