அம்மாவின் முப்பதாம் நாள் பூசை

அன்புள்ள ஐயா,

நான் தங்கச்சிமடம். படகுத் தொழில். போன மாதம் எங்கள் அம்மா தவறிவிட்டார்கள். முப்பதாம் நாள் பூசைக்குக் கோயிலில் எழுதிவைத்திருக்கிறோம். என் தம்பி சில வருடமாக ஒரு பெந்தேகோஸ்தே சபைக்குப் போகிறான், பூசைக்கு வர மாட்டேன் என்கிறான். "செத்தவங்களுக்காக ஜெபிக்க வேதத்துல எங்க இருக்கு? இயேசுவோட இரத்தம் போதாதா? காசு கட்டினா மோட்சமா?" என்று கேட்கிறான். மக்கபேயர் புத்தகத்தைக் காட்டினேன். அது ஆர்.சி.க்காரர்கள் பிற்பாடு சேர்த்தது என்றான். புராட்டஸ்டண்ட் பிரிவைத் தொடங்கிய லூத்தர்தான் கிழித்துப் போட்டார் என்று நான் சொல்ல, சண்டையாகிவிட்டது. வேதாளையிலும் ஓரியூரிலும் இரத்தம் சிந்தி வந்த விசுவாசத்தை உதறிவிட்டுப் பேசுகிறான். அவனுக்கு என்ன பதில் சொல்வது?

பெயர் வேண்டாம்,
தங்கச்சிமடம்

அன்புள்ள நண்பருக்கு,

அம்மாவின் ஆன்மா இளைப்பாறட்டும். நானும் முப்பதாம் நாள் பூசை வைக்கிற வீட்டில் பிறந்தவன்தான். இறந்தவர்களுக்காக இன்றும் செபிக்கிறேன், அது வீணில்லை என்று நம்புகிறேன். ஆனாலும் தம்பியிடம் நீங்கள் சொன்னவை எல்லாம் நிற்காது. அவர் சொன்னதும் அப்படித்தான்.

முதலில் அந்தப் புத்தகம். மக்கபேயர் இரண்டாம் நூல், 12ஆம் அதிகாரம். போரில் மாண்ட தன் வீரர்களுக்காக யூதா மக்கபே பணம் திரட்டி, பாவம் போக்கும் பலி செலுத்தச் சொல்லி எருசலேமுக்கு அனுப்புகிறார். இந்த நூலும் தோபித்து, யூதித்து, சீராக் போன்றவையும் சேர்ந்து ஏழு. நம் கையில் இருப்பது 73 நூல், தம்பி கையில் 66.

இந்த ஏழும் ஆதித் திருச்சபை வாசித்த கிரேக்கப் பழைய ஏற்பாட்டில் இருந்தவை. 397இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் சங்கம் இவற்றைப் பட்டியலில் வைத்தது. 1546இல் திரெந்து என்ற ஊரில் கூடிய ஆயர்கள் சங்கம் அதையே கட்டாயமாக்கியது. ஆகவே 'பிற்பாடு சேர்த்தது' என்பது சரியில்லை. ஆனால் லத்தீன் விவிலியத்தைத் தந்த புனித எரோணிமுவே, இவை பக்திக்கு வாசிக்க ஏற்றவை, உபதேசத்தை நிறுவ இவற்றைக் கொண்டுவரக்கூடாது என்று எழுதியிருக்கிறார். லூத்தரும் கிழித்துப் போடவில்லை. 1534இல் வந்த அவருடைய ஜெர்மன் விவிலியத்தில் இந்த நூல்கள் தனிப் பகுதியாக அச்சாகியிருந்தன: வேதத்துக்குச் சமமில்லை, ஆனால் வாசிக்க நல்லவை என்ற குறிப்போடு. 1611இன் ஆங்கில விவிலியத்திலும் இருந்தன. பிரிட்டிஷ் வேதாகமச் சங்கம் இவற்றை அச்சிடச் செலவழிப்பதில்லை என்று முடிவெடுத்தது 1826இல்தான்.

ஆக, ஒரு வசனத்தைக் காட்டி இந்தச் சண்டையை முடிக்க முடியாது. எது வேதம் என்பதிலேயே நீங்கள் இருவரும் ஒத்துப்போகவில்லை. அதை முடிவுசெய்ய யாருக்கு அதிகாரம் என்பதுதான் அடியில் கிடக்கிற கேள்வி. திருச்சபைக்கு என்கிறோம் நாம். வேதத்தை உண்டாக்கியது திருச்சபை அல்ல, அது வேதத்தை அடையாளம் கண்டுகொண்டது, அவ்வளவுதான் என்பார்கள் சீர்திருத்தச் சபையார், அதாவது புராட்டஸ்டண்ட்கள். அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அடையாளம் கண்டவர்கள் யார், அவர்கள் பிழை செய்யவில்லை என்று எதை வைத்து நம்புகிறோம் என்று தம்பியிடம் நீங்கள் கேட்கலாம். 66 நூல்களின் பட்டியல் அந்த 66இல் எங்கும் இல்லை. யாரோ அவர் கையில் கொடுத்திருக்கிறார்கள், அவர் நம்பி வாங்கியிருக்கிறார்.

நம் கரையையே பாருங்கள். சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது இங்கே யார் கையிலும் தமிழ் விவிலியம் இல்லை. விசுவாசப் பிரமாணத்தையும் செபங்களையும் உள்ளூர்க்காரர்கள் உதவியோடு தமிழாக்கி, பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்தார். அண்டிரிக் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் அச்சானது. அதுவும் விவிலியம் அல்ல, உபதேசப் புத்தகம். உங்கள் அம்மா வாய்ப்பாடமாகச் சொன்ன செபங்கள் தலைமுறை தலைமுறையாக அப்படி வந்தவை. தமிழில் அச்சிட்ட புதிய ஏற்பாடு தரங்கம்பாடியிலிருந்து, சீகன்பால்க் என்ற லூத்தரன் போதகர் கையால், 1714-15இல்தான் வந்தது. வாய்வழி வந்த விசுவாசத்தை நாம் கொடுத்தோம், எழுத்தில் வந்த வேதத்தை அவர்கள் கொடுத்தார்கள். இந்தக் கடனை இரண்டு பக்கமும் மறந்துவிட்டுச் சண்டை போடுவது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

வேதாளையில் 1549இல் கிரிமினாலி அடிகளார் கொல்லப்பட்டதையும், ஓரியூரில் 1693இல் அருளானந்தர் தலை வெட்டப்பட்டதையும் இந்தச் சண்டைக்குள் இழுக்காதீர்கள். அவர்கள் தம்பியின் சபைக்கு எதிராகச் சாகவில்லை. இரத்தசாட்சிகள் சீர்திருத்தச் சபையார் பக்கமும் உண்டு, அதில் பலர் கத்தோலிக்க அரசுகள் எரித்தவர்கள்.

அடுத்து மீட்பு. நற்செயலால் மோட்சத்தைச் சம்பாதிக்கலாம் என்று திருச்சபை போதிப்பதில்லை. கிறிஸ்துவின் அருளில்லாமல் தன் செயல்களாலேயே ஒருவன் நீதிமானாகலாம் என்பவனைத்தான் 1547இல் திரெந்து சங்கம் முதலாவதாகக் கண்டித்தது. தம்பி பக்கமும், விசுவாசித்தால் போதும் எப்படியும் வாழலாம் என்று லூத்தர் சொல்லவில்லை. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும், நீதிமானாக்கப்படுதல் (பாவியைக் கடவுள் நீதிமானாக ஏற்பது) பற்றிய அடிப்படை உண்மைகளில் தங்களுக்கு ஒத்த கருத்து இருப்பதாகக் கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. மெதடிஸ்ட்களும் பிறகு அதில் சேர்ந்தார்கள். பெந்தேகோஸ்தே சபைகள் அதில் இல்லை, எல்லா வேறுபாடும் தீர்ந்தும் விடவில்லை. உத்தரிக்கிற ஸ்தலம், அதாவது இறந்தவர்கள் மோட்சத்துக்கு முன் தூய்மையாகிற நிலை, அப்படித் தீராத ஒன்று. ஆனால் அது இன்னொரு வாய்ப்பு அல்ல என்பதையாவது தம்பிக்குச் சொல்லுங்கள். அங்கே இருப்பவர்கள் ஏற்கெனவே மீட்கப்பட்டவர்கள் என்பதே நம் போதனை. பூசை இயேசுவின் சிலுவைப் பலியோடு புதிதாக எதையும் சேர்ப்பதில்லை, அதே பலியின் பலனைத்தான் கேட்கிறது.

'காசு கட்டினா மோட்சமா' என்ற கேள்விக்கு மட்டும் கோபப்படாதீர்கள். 1517இல் லூத்தர் கேட்டது ஏறக்குறைய இதைத்தான், அன்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பூசைக் காணிக்கையில் வியாபாரத்தின் சாயல்கூட இருக்கக்கூடாது என்று நம் திருச்சபைச் சட்டமே சொல்கிறது. காணிக்கை கொடுக்க முடியாதவர்களுக்கும் சாமியார் பூசை வைக்கும்படி அது அழுத்தமாகப் பரிந்துரைக்கிறது. ஊரில் சாவு வீட்டுக் காணிக்கையை ரேட் பேசுவதுபோல் யாராவது பேசினால், முதலில் குரல் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான்.

சரி, முப்பதாம் நாளுக்கு என்ன செய்வது? தம்பியைப் பூசையில் முழங்கால் போட வைக்காதீர்கள். தன் மனசாட்சிக்குப் பொய் என்று படுவதை அம்மா பெயரால் செய்யச் சொல்வது அம்மாவுக்கு மரியாதை ஆகாது. அவர் வர மறுப்பதை அம்மா மேல் பாசமில்லாததாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பாசமில்லாதவர் இவ்வளவு வாதாட மாட்டார்.

பூசை முடிந்து கல்லறைக்குப் போவீர்கள் அல்லவா, அங்கே வரச் சொல்லுங்கள். 130ஆம் சங்கீதம் இரண்டு பேர் விவிலியத்திலும் இருக்கிறது. ஆழத்திலிருந்து ஆண்டவரைக் கூப்பிடுகிற அந்தச் சங்கீதத்தை நாம் காலங்காலமாக இறந்தவர்களுக்காகச் சொல்லிவருகிறோம். தம்பிக்கு அது உயிரோடிருக்கிறவன் தன் பாவத்துக்காகச் செய்கிற மன்றாட்டு. அவரையே வாசிக்கச் சொல்லுங்கள், அவருடைய வேதாகமத்திலிருந்து. நீங்கள் மனதுக்குள் அம்மாவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். ஆனால் இதை இன்றோ நாளையோ போய்க் கேட்டுவிடுங்கள். அன்று காலையில், சொந்தக்காரர்கள் முன்னால் கேட்டால் அவர் மாட்டேன் என்றுதான் சொல்வார்.