31 வெற்றிகளும் 1.12 ரன்களும்

அன்புள்ள ஐயா,

1968-ஆம் ஆண்டின் அமெரிக்க பேஸ்பால் பருவத்தைப் பற்றி எழுதியபோது, பிட்சர்களில் (பந்தை எறிபவர்களில்) 31 ஆட்டங்களை வென்ற டென்னி மெக்லெய்னுக்கு மேலே 22 ஆட்டங்களை மட்டுமே வென்ற பாப் கிப்ஸனை வைத்திருந்தீர்கள். இரு லீகுகளில் தம்முடையதான நேஷனல் லீகில்கூடக் கிப்ஸன் முதலிடம் பெறவில்லை. 26 வெற்றிகளுடன் ஹுவான் மரிச்சால் அங்கே முன்னிற்கிறார். வெல்வதற்காகத்தானே ஆடுகிறார்கள்? பிறகு வெற்றிப் பட்டியல் எதற்கு?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அணி வெல்வது வேறு, அந்த வெற்றி ஒரு பிட்சரின் பெயரில் எழுதப்படுவது வேறு. கிரிக்கெட்டில் பந்துவீச்சாளரின் கணக்கில் வெற்றி தோல்வி எழுதும் வழக்கம் இல்லாததால் நமக்கு இது சட்டெனப் பிடிபடுவதில்லை. பேஸ்பாலில் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் குறைந்தது ஐந்து இன்னிங்ஸ் வீசியிருக்க வேண்டும். அவர் பொறுப்பில் இருக்கும்போது அணி முன்னிலை பெற்று, அதைக் கடைசிவரை இழக்காமலும் இருக்க வேண்டும். முன்னிலை பெற்றுத் தருவது பெரும்பாலும் மற்றவர்களின் மட்டை.

மெக்லெய்னின் 30-ஆவது வெற்றியையே பாருங்கள். செப்டம்பர் 14 அன்று டெட்ராய்ட்டில் ஓக்லாந்துக்கு எதிராக ஒன்பது இன்னிங்ஸையும் அவரே வீசினார். ஆயினும் அவருடைய அணியான டைகர்ஸ் 3–4 எனப் பின்தங்கியிருந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸில் டைகர்ஸ் மட்டை பிடித்த கடைசிப் பாதியில் அவருக்குப் பதிலாக அல் கேலைன் மட்டை பிடிக்க வந்து முதல் தளத்தை அடைந்தார். ஓக்லாந்து வீரர் ஒருவர் தவறாக எறிந்த பந்தால் ஆட்டம் சமமானது. அடுத்து வில்லி ஹார்ட்டன் அடித்த அடி 5–4 என முடித்து வைத்தது. 1934-இல் 30 ஆட்டங்களை வென்ற பிட்சர் டிஸ்ஸி டீன் அன்று மைதானத்தில் இருந்தார். ஹார்ட்டனும் கேலைனும் தவறியிருந்தால் அதே ஒன்பது இன்னிங்ஸ் மெக்லெய்னின் பெயரில் தோல்வியாக ஏறியிருக்கும்.

கிப்ஸனுக்கு நேர்ந்தது இதன் மறுபக்கம். பிழையால் வந்த ரன்களைக் கழித்துவிட்டால், ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.12 ரன்தான் அவர் கொடுத்தார். மெக்லெய்ன் கொடுத்தது 1.96. எதிரணியை ஒரு ரன்கூட எடுக்கவிடாமல் 13 ஆட்டங்களை முடித்தவர் ஒன்பது தோல்விகளைச் சுமந்தார். செப்டம்பர் 17 அன்று சான் பிரான்சிஸ்கோவில் அவர் கொடுத்தது ஒரே ரன். எதிரே கேலார்ட் பெர்ரியின் பந்துவீச்சில் கிப்ஸனின் கார்டினல்ஸ் அணியினர் ஒரு ஹிட்கூட (தளத்தை எட்டவைக்கும் அடி) அடிக்கவில்லை. மெக்லெய்னுக்குப் பின்னாலோ, அவருடைய லீகிலேயே அதிக ரன் குவித்த அணி நின்றது.

அதற்காக அந்தப் பட்டியலைக் குப்பை என்று ஒதுக்கவும் நான் தயாராக இல்லை. மெக்லெய்ன் 41 ஆட்டங்களைத் தொடங்கி 28-ஐத் தாமே முடித்தார். மரிச்சால் 30 ஆட்டங்களை முடித்தார். இறுதிவரை நின்று வீசியவரின் வெற்றியில் அவருடைய பங்கு பெரிது. தொடங்கியவரை ஆறாவது இன்னிங்ஸிலேயே மாற்றிவிடும் இக்காலத்தில்தான் அந்த எண் வெளிறிப் போயிற்று; 2018-இல் வெறும் 10 வெற்றிகளுடன் ஜேக்கப் டிகிராம் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதைப் பெற்றார்.

ஆனால் 1.12-உம் முழுக்கக் கிப்ஸனுடையது என்று சொல்ல மாட்டேன். அந்த ஆண்டு பிட்சர் நிற்கும் மேடு 15 அங்குல உயரம். ரன்கள் வற்றிப்போனதால் அடுத்த ஆண்டே அதை 10 அங்குலமாகக் குறைத்தார்கள். களத்தடுப்பும் சேர்ந்தே அந்தக் கணக்கைத் தீர்மானிக்கிறது. அவ்வாண்டு இரு லீகுகளின் வெற்றியாளர்களான டைகர்ஸும் கார்டினல்ஸும் மோதிய உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், அதுவரை யாரும் ரன் எடுக்காதிருக்க, ஏழாவது இன்னிங்ஸில் டைகர்ஸின் ஜிம் நார்த்ரப் தூக்கியடித்த பந்தை நடுக்களத்தில் கார்டினல்ஸின் கர்ட் ஃப்ளட் தவறாகக் கணித்துவிட்டார். அது பிழையாகப் பதிவாகவில்லை, மூன்று தள அடியாகவே பதிவாயிற்று. இரண்டு ரன்களும் கிப்ஸனின் கணக்கிலேயே ஏறின.