பந்தயமும் ஓட்டி, காரும் செய்தவர்

"பந்தய ஓட்டுநராக இருந்து, கார்களையும் வடிவமைத்த ஒருவரின் வாழ்க்கையைச் சொல்ல முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பெங்களூரு ஜே.சி. ரோடு பக்கம் டிங்கரிங் ஷெட். தகடு தட்டிப் பிழைக்கிறவன் என்பதால், நான் சொல்லப்போகிறவரும் தகடு வெட்டியவர்தான்: புரூஸ் மெக்லாரன்.

1937இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பிறந்தவர். அப்பா பெட்ரோல் பங்கோடு ஒர்க்‌ஷாப்பும் வைத்திருந்தார். ஒன்பது வயதில் இடுப்பெலும்பில் பெர்த்தஸ் நோய் வந்து வருஷக்கணக்கில் படுத்தே கிடந்தார். எழுந்தபோது இடது கால் குட்டையாகிவிட்டது. கடைசிவரை தாங்கித் தாங்கித்தான் நடை. அப்பா வாங்கிப் போட்ட பழைய ஆஸ்டின் 7ஐப் பிரித்து மாட்டிப் பழகி, அதிலேயே முதல் போட்டி. 747 சிசி, நம்ம மாருதி 800ஐவிடச் சின்ன இன்ஜின். (அந்த மாருதி இன்ஜினை வைத்தே பந்தயக் கார் செய்தவர் கோயம்புத்தூர் கரிவரதன், அவருக்குத் தனிப் பதிலே எழுதலாம்.)

22 வயதில் ஃபார்முலா 1 கார்ப் பந்தயமான அமெரிக்க கிராண்ட் பிரீயில் வெற்றி, 1963இல் சொந்த அணி, 1968இல் பெல்ஜியத்தில் தன் பெயர் போட்ட காரிலேயே முதலிடம். அந்தக் காரை வரைந்ததில் வடிவமைப்பாளர் ராபின் ஹெர்டுக்குப் பெரிய பங்கு உண்டு, எல்லாம் இவரே என்று சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குப் பிடித்தது வேறு சங்கதி.

ஒருநாள் சோதனை ஓட்டத்தில் பெட்ரோல் டேங்குக்கு மேலிருந்த மூடி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. சரியாக மூடாமல் விட்டுவிட்டார்களே என்று முதலில் கோபம். அப்புறம் யோசித்தார்: வேகம் கூடக் கூடக் காற்று அதை அமுக்க அல்லவா வேண்டும், ஏன் தூக்குகிறது? அப்படியென்றால் மேலே இருப்பதைவிட உள்ளே அழுத்தம் அதிகம். வண்டியை நிறுத்தி, தகடு வெட்டும் கத்தரியை எடுத்து ரேடியேட்டருக்குப் பின்னால் பாடியை வெட்டித் திறந்துவிட்டார். அடைபட்ட காற்று வெளியேற வழி கிடைத்தது. அடுத்த சுற்றுகளில் வண்டி முன்னைவிட வேகமாக ஓடியது.

இதே பாடம் எனக்கு மைசூரு ரோட்டில் கிடைத்தது. நான் சரியாக லாக் பண்ணாமல் விட்ட பானட், போகிற போக்கில் எகிறி முன் கண்ணாடியை மறைத்துவிட்டது. குருட்டாம்போக்கில் பிரேக் போட்டுத் தப்பித்தேன்.

மெக்லாரன் தப்பவில்லை. 1970 ஜூன் 2, இங்கிலாந்தின் குட்வுட் தடத்தில் தன் அணியின் எம்8டி என்ற பந்தயக் காரைச் சோதித்துக்கொண்டிருந்தார். நேர்ப்பாதையில் பின்பக்க பாடி கழன்று பறந்தது. வண்டியைத் தரையோடு அமுக்கிப் பிடித்திருந்த காற்று கைவிட, சுழன்று போய் மோதினார். வயது 32.

பன்னிரண்டே நாளில் அதே ரகக் காரை கனடாவில் டான் கர்னி ஓட்டி ஜெயித்தார். கர்னியும் சொந்தமாகக் கார் செய்து, 1967இல் அதே பெல்ஜியத்தில் வென்ற ஆள்தான். யாராவது கேட்டால் அவர் கதையையும் எழுதுகிறேன்.